திட்டிக்கொண்டே ஓடியவள்

நிலாவில் பிள்ளை உண்டாவதற்கு எங்கள் விதிப்புத்தகத்தில் இடம் கிடையாது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று திரையில் 'கரு' என்று தேடினேன். பக்கம் பக்கமாகக் 'கருவிகள்' என்றுதான் வந்தது. புத்தகம் எழுதிய மகானுபாவர்கள் பூமியில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியவர்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக ஆட்களை அனுப்பினார்கள், ஆளுக்கொரு கருத்தடை ஊசி போட்டார்கள், கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊசி எல்லாரிடமும் வேலை செய்தது, இசக்கியைத் தவிர.

நான் மங்கையர்க்கரசி. தென்முனை நிலையத்தின் ஒரே டாக்டர். அதிலும் எலும்பு டாக்டர். நிலாவில் நம் எடை ஆறில் ஒரு பங்குதான். சுமை இல்லாவிட்டால் எலும்பு சோம்பேறியாகிவிடும், தன் சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விட்டுவிட்டு மெலிந்துபோகும். அதைத் தடுக்கத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். பிரசவம் என்று ஒன்றைப் பார்த்து எனக்குப் பல வருஷம் ஆகியிருந்தது. அதை நான் இசக்கியிடம் சொல்லவில்லை.

இசக்கி பனிக்கட்டிச் சுரங்கத்தில் துளைக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவள். ஊர் வள்ளியூர்ப் பக்கம். கல்லூரியில் எண்ணூறு மீட்டர் ஓடி மெடல் மெடலாக வாங்கியவள். சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தபோது அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை.

"டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் ஓடலாமா, கூடாதா?"

"மொதல்ல உக்காரு."

"உக்காந்து யோசிச்சிட்டுத்தான் வாரேன். ஆமாவா இல்லையான்னு சொல்லுங்க."

அவள் கேட்டது கிணற்றைப் பற்றி. நிலையத்தின் நடுவில் ஒரு கிணறு இருக்கிறது. தண்ணீர்க் கிணறு இல்லை. பொருட்காட்சியில் மரக்கிணற்றுக்குள்ளே ஒருவன் மோட்டார் சைக்கிளில் சுவரோடு சுவராகச் சுற்றுவானே, அந்த மாதிரி. நிலாவில் அதற்கு மோட்டார் சைக்கிள் வேண்டாம். உடம்பு அவ்வளவு லேசு. நன்றாக ஓடத் தெரிந்தவர் தன் காலாலேயே சுவரில் ஏறி, தரைக்குப் படுக்கைவாட்டில் சுற்றிச் சுற்றி ஓடலாம். முதுகில் ஒரு பாதுகாப்புக் கயிறு, அவ்வளவுதான். அப்படி ஓடும்போது சுவர் காலை எதிர்த்து அழுத்தும். கிட்டத்தட்ட பூமியில் இருக்கிற எடை திரும்பி வரும். எலும்புக்கு அதுதான் மருந்து. நிலையத்தில் எல்லாரும் தினமும் அதில் ஓடியாக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், கிணற்றில் மெதுவாக ஓட முடியாது. வேகம் குறைந்தால் சுவர் விட்டுவிடும், வழுக்கிக் கீழே வந்துவிடுவோம். பூமியில் கர்ப்பிணிகளுக்குச் சொல்கிற மாதிரி "மெள்ள நடம்மா, மூச்சுப் பயிற்சி செய்யம்மா" என்று இசக்கிக்குச் சொல்ல எனக்கு வழியில்லை. ஓடினால் முழு வேகம், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

அவள் கணவன் நயினார் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நிலையத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன். எதற்கும் குரலை உயர்த்தமாட்டான். அன்றைக்கு உள்ளே வந்துவிட்டான்.

"டாக்டரம்மா, வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு சுவத்துல ஓடுறதாவது! ஊர்ல மாசமா இருக்கவ ஒரு கொடம் தண்ணி தூக்குனாலே எங்கம்மா ஏசிருவா."

"ஊர்ல கொடத்துக்கு எடை இருக்கு நயினார். இங்க உங்க பொண்டாட்டிக்கே எடை இல்ல. அதான் பிரச்சினை."

"அப்ப ஊருக்கு அனுப்பிருங்களேன்."

"அடுத்த கப்பல் வர்றதுக்குள்ள பிள்ளை பொறந்துடும். வந்தாலும், கீழ எறங்கும்போது குலுக்குற குலுக்கு இருக்கே, அதுல கர்ப்பிணியை ஏத்த நான் சம்மதிக்க மாட்டேன்."

அவனுக்கு உட்காரவைத்துச் சொன்னேன். பிள்ளை வளர அதற்குச் சுண்ணாம்பு வேண்டும், அதை அம்மாவின் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். பூமியில் பிறகு சரியாகிவிடும். இங்கே நிலாவும் அதே எலும்பில் கைவைக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தால் பிரசவத்தில் அவள் இடுப்பெலும்பு தாங்குமா என்பது சந்தேகம். பிள்ளை விஷயம் அதைவிட மோசம். எடை என்றால் என்னவென்றே தெரியாமல் உருவாகிற எலும்பு எப்படி இருக்கும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பூமியில் கால் ஊன்றவே முடியாத பிள்ளையாகப் போய்விடலாம்.

நயினார் முகம் சுண்டிப்போயிற்று. "ஊருக்கே போக முடியாதா?"

"போகலாம். படுக்கையில."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் அப்படி.

இசக்கி கேட்டாள். "அப்ப ஓடலாம். பிள்ளைக்கு ஆபத்து எதுல இருக்கு? அதச் சொல்லுங்க."

"நீ புதுசா ஆரம்பிக்கிறவளா இருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். பழகின ஓட்டக்காரிங்க பூமியிலயும் டாக்டரை வச்சிக்கிட்டு ஓடத்தான் செய்யறாங்க. ரத்தம் காலுக்கும் வேணும், கர்ப்பப்பைக்கும் வேணும். உச்ச வேகத்துக்குப் போனா காலு எல்லாத்தையும் இழுத்துக்கும், பிள்ளைக்குப் போற பங்கு கொறஞ்சிடும். உச்சத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்னுட்டா ரெண்டு பேருக்கும் போதும்."

"அந்தக் கொஞ்சம் எவ்வளவு?"

"உன் இதயம் எவ்வளவு வேகமா அடிக்க முடியுமோ, அதுல பத்துல ஒன்பது பங்கு. அதுக்கு மேல போகக் கூடாது. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் ஓய்வு, தண்ணி. தலை சுத்தினாலோ வயிறு இழுத்தாலோ ரத்தம் பட்டாலோ அன்னியோட நிறுத்தம்."

பூமியில் இருக்கும் மருத்துவக் குழுவுக்கு எழுதினேன். குழுத் தலைவி ஹேமலதா என்னோடு ஒரே கல்லூரியில் படித்தவள், மகப்பேறு மருத்துவத்தில் பெரிய கை. அரை மனதோடு அனுமதி கொடுத்தாள். பிள்ளையின் இதயத்துடிப்பில் ஒரு தடவை குறை தெரிந்தாலும் கிணற்றுக் கதவு மூடப்படும் என்றாள். கதவின் பூட்டு அவர்கள் கையில்தான் இருந்தது.

*

அளக்கிற விஷயத்தில்தான் தகராறு வந்தது. வயிற்றில் கட்டிய பட்டை பிள்ளையின் துடிப்பை நன்றாகச் சொன்னது. இசக்கியின் துடிப்பைச் சொல்கிற மார்புப் பட்டை வியர்வையில் நழுவியது. வயிறு பெரிதாகப் பெரிதாக அது வாய்க்கு வந்த எண்களைச் சொன்னது. ஓட்டம் முடிந்து துடைத்துக் கட்டினால்தான் சரியான கணக்கு வரும். அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடந்துவிடலாம்.

பழைய கால வழி ஒன்று இருக்கிறது. ஓடும்போது பேசச் சொல்ல வேண்டியது. நாலைந்து வார்த்தை சேர்ந்தாற்போல் வந்தால் சரி. வார்த்தை ஒவ்வொன்றாகத் துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறைத்து இறங்கிவிட வேண்டும்.

"என்னத்தப் பேச?" என்றாள் இசக்கி.

"எதையாவது. பாட்டுப் பாடு."

"எனக்குப் பாட்டெல்லாம் வராது."

"உன் புருஷன் கீழ நிக்கிறாரே. அவரைப் பத்திச் சொல்லேன்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. சுவரில் ஏறி முதல் சுற்று முடிவதற்குள் ஆரம்பித்தாள்.

"வெண்டைக்கா நட்டியளே... ஒண்ணாவது காய்ச்சுதா?... ஈரத்துண்ட கட்டில்ல போடாதியன்னு... எத்தன தடவ சொல்லுதேன்!... கல்யாண போட்டோவுல... வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிய... அத ஃபிரேம் போட்டு மாட்டுதிய!"

நயினார் கீழே நின்று தலையைச் சுற்றிச் சுற்றித் திருப்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். "ஏட்டி, போட்டோக்காரன் திடீர்னு எடுத்துட்டான்!"

"பொய்!... உங்கக்கா... சொல்லிட்டாவ எல்லாம்!"

இரண்டு மாதத்தில் அது நிலையத்தின் பொழுதுபோக்காகிவிட்டது. வேலை முடிந்து வருகிறவர்கள் கிணற்றின் மேல்விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மொழி புரியாதவர்கள்கூட நயினாரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளையின் துடிப்பு ஒருநாள்கூடப் பிசகவில்லை. இசக்கியின் இடுப்பெலும்பு கர்ப்பத்துக்கு முன் எடுத்த படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆறாம் மாதத்தில் நயினாரின் அம்மா திரையில் வந்தாள். மகன் பேரைச் சொல்லி அழுதாள். "பிள்ளைய உருட்டிக் கொல்லப் போறியளா? ஒனக்கு ஆம்பளைன்னு வாயில்லையாலே?" என்று மகனைக் கேட்டாள். நயினார் திரையை அணைத்தான். தோட்டத்துக்குப் போய் ராத்திரி முழுவதும் இருந்தான். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் மருத்துவக் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினான். 'என் மனைவியைத் தயவுசெய்து நிறுத்துங்கள், அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை' என்று.

ஹேமா அதை எனக்கு அனுப்பினாள். பக்கத்தில் இசக்கி இருந்தாள். மறைக்க முடியாமல் அவளும் படித்துவிட்டாள்.

ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய்விட்டாள்.

அவர்கள் வீட்டு வழக்கம் எனக்கு அப்போது தெரியாது. சின்னக் கோபத்துக்குத்தான் திட்டு. பெரிய கோபம் வந்தால் பேச்சே கிடையாது. நயினாரின் அம்மா ஒரு பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல்வரை அவன் அப்பாவோடு பேசாமலே சோறு போட்டவளாம். இசக்கியும் அந்தப் பள்ளிக்கூடம்தான். இரண்டு நாள் நயினாருக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னாள். அவன் முன்னாலேயே, "டாக்டரம்மா, தண்ணி சூடா இருக்குன்னு அவியகிட்ட சொல்லுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் கிணற்றுக்கு வந்தாள். நயினார் வழக்கமான இடத்தில் நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. சுவரில் ஏறினாள். கிணற்றில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

மேலே உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபமாக இருக்கிறாள், விட்டுப்பிடிக்கலாம் என்று நான் நினைத்தேன். தன்னை வெறுக்கிறாள் என்று நயினார் நினைத்துக் குனிந்துகொண்டான். அவள் பாதுகாப்புக்கு என்று நாங்கள் வைத்திருந்த ஒரே காவல் அவள் வாய்தான், அது இன்றைக்கு மூடியிருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கோபத்தில் அவளுக்கும் தெரியவில்லை, எவ்வளவு வேகம் என்று.

வயிற்றுப் பட்டை அலறியது.

பிள்ளையின் துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. நூற்றி நாற்பதாக இருந்தது, நூறு, தொண்ணூறு. "எறங்கு! எறங்கு இசக்கி!" என்று கத்தினேன். கயிற்றைப் பிடித்து நயினார்தான் அவளை இறக்கினான். மெத்தைமேல் அவளை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்தேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். தொண்ணூறிலேயே நின்றது. அங்கேயே நின்றது. அதற்குப் பெயர் பயம் என்றால், நான் அதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை.

பிறகு தொண்ணூற்றைந்து. நூற்றிப்பத்து. நூற்றி முப்பது.

உள்ளேயிருந்து பிள்ளை ஓர் உதை விட்டது. பட்டை மேலே எழும்பி இறங்கியதை எல்லாரும் பார்த்தோம். இசக்கி அப்போதுதான் அழுதாள். நயினார் அவள் காலடியில் உட்கார்ந்து அவனும் அழுதான். ஆனாலும் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

சாயங்காலத்துக்குள் கிணற்றுக் கதவு பூட்டிக்கொண்டது.

*

ஹேமாவோடு சண்டை போட்டேன். பூமியோடு சண்டை போடுவது ஒரு தண்டனை. நாம் கத்தியது போய்ச் சேர்ந்து பதில் திரும்ப இரண்டரை விநாடி ஆகும். அதற்குள் நம் கோபம் ஆறிவிடும்.

"அவ எலும்பு படத்தைப் பாரு ஹேமா. நிறுத்தி மூணு வாரம். இடுப்பு மெலிய ஆரம்பிச்சிடுச்சு."

"பார்த்தேன். அந்தத் தொண்ணூறையும் பார்த்தேன். மங்கை, நான் உன் எதிரி இல்லடி. என் கையெழுத்துல ஒரு பிள்ளை போகக் கூடாது. அவ்ளோதான்."

"ஓடாம இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு கையெழுத்துப் போடுவியா?"

"அது எனக்குத் தெரியாது," என்றாள். "ஆனா அதுக்கு யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க."

நல்லவள். உண்மையை மறைக்கத் தெரியாதவள். அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

நயினார் என் அறைக்கு வந்தது அதற்கு மறுநாள். இளைத்திருந்தான்.

"குழுக்காரங்கள்ட்ட நான் பேசணும். ஏற்பாடு பண்ணுங்க."

"இன்னொரு மனு போடப் போறீங்களா?"

"ஆமா," என்றான். அவன் கண்ணைப் பார்த்ததும் நான் கிண்டலை நிறுத்திக்கொண்டேன்.

திரையில் ஹேமாவும் இன்னும் நாலு பேரும் இருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். இசக்கி ஓரத்து நாற்காலியில் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நயினார் எழுந்து நின்றுதான் பேசினான்.

"அன்னிக்கு நடந்தது ஓட்டத்தால நடந்தது இல்லம்மா. என்னால நடந்தது. நான் ஒளிஞ்சு நின்னு உங்களுக்கு எழுதினேன். அவ எம்மேல உள்ள கோவத்துல பேசாம ஓடுனா. அவ பேசுனாத்தான் டாக்டரம்மாவுக்கு வேகம் தெரியும். அத்தன மாசம் என்னைய ஏசிக்கிட்டே ஓடுனா, ஒரு நாளாவது பிள்ளைக்கு ஏதாவது ஆச்சா? பாருங்க. ஒங்கள்ட்ட எல்லாம் இருக்கு. நான் எழுதினத நான் திருப்பி எடுத்துக்கிடுதேன்."

திரையில் ஒருவர் கேட்டார். "நாளைக்கு மறுபடியும் உங்களுக்குள்ள சண்டை வராதுன்னு என்ன நிச்சயம்?"

"சண்ட வரும்," என்றான் நயினார். "புருஷன் பொண்டாட்டியில்லா. ஆனா அவ வாய் திறக்கலன்னா கயித்த நானே இழுத்து எறக்கிருவேன். எனக்கு இப்ப அந்தத் தைரியம் வந்துட்டு."

ஹேமா அவனை விட்டுவிட்டு இசக்கியைப் பார்த்தாள். "இசக்கியம்மா, இவங்க எல்லாரும் பேசறாங்க. உங்களை யாருமே கேக்கலை. உங்களுக்குப் பயமா இல்லையா?"

இசக்கி எழுந்திருக்கவில்லை.

"பயமாத்தான் இருக்கும்மா. அந்தத் தொண்ணூறு என் கண்ணுலயே நிக்கி. ராத்திரி தூக்கமில்ல. ஆனா படுத்துக் கெடந்தா பயம் போயிரும்னு நீங்க நெனைக்கிய. போகல. என் எலும்பு கரையுதுன்னு தெரியும், பிள்ளைக்கு எலும்பு ஊறுதான்னு தெரியாது. ரெண்டு பக்கமும் பயம்தான். எந்தப் பயத்த வச்சிக்கிட்டு இருக்கணும்னு நாந்தானே சொல்லணும்? நாளைக்கு அது நடக்க முடியாம கெடந்தா நீங்க யாரும் தூக்கிச் சொமக்கப் போறதில்ல. எம்பிள்ள ஊர்ல கால ஊனி நிக்கணும். அதுக்கு ஓடணும்னா ஓடுதேன். ஆகாதுன்னு எனக்குத் தோணிச்சின்னா நீங்க சொல்லுத வரைக்கும் காத்திருக்க மாட்டேன், நானே நிப்பாட்டிருவேன்."

திரையில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹேமா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வாரா வாரம் பார்ப்போம்," என்றாள். "வாய் திறக்கலைன்னா எறக்கணும். மங்கை, அதையும் எழுதி அனுப்பு. கதவைத் திறக்கச் சொல்றேன்."

திரை அணைந்தது. இசக்கி கதவுவரை போனாள். திரும்பினாள்.

"ஒங்கம்மாகிட்டயும் இதே மாதிரி பேசிருந்தியன்னா, மூணு வாரம் மிச்சம்," என்றாள் நயினாரிடம்.

அவள் அவனிடம் பேசியதே போதும் என்று அவனுக்கு வாயெல்லாம் பல்.

*

மறுபடியும் ஓடினாள். இந்தத் தடவை நயினார் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கவில்லை. கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் ஒரு விநாடி ஓய்ந்தாலும் எதையாவது கேட்டு வம்புக்கிழுத்தான். இடுப்பெலும்பு மெலிவது நின்றது. மேலே உட்கார்ந்திருக்கும் கூட்டம் பழையபடி சேர்ந்தது.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் சுவரில் ஏறி ஒரே ஒரு சுற்று சுற்றி இறங்கிவிட்டாள். பட்டைகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

"என்னாச்சு? வலியா?"

"இல்ல. போதும் டாக்டரம்மா."

"படம் நல்லா இருக்கு இசக்கி. இன்னும் ரெண்டு வாரம் ஓடினா..."

"பாரம் முன்னால இழுக்கு. கால் எங்க விழுதுன்னு எனக்கே நிச்சயம் இல்ல. போதும்."

நான் விடவில்லை. எலும்பு, சதவீதம், அது இது என்று பேசினேன். ஓடக் கூடாது என்று சொன்னவர்களோடு சண்டை போட்டுப் போட்டு, ஓடியே ஆக வேண்டும் என்று சொல்கிறவளாக நானும் மாறியிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் சொன்னதுதான் சரி என்று இப்போது தெரிகிறது. அப்போது இரண்டு நாள் அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிரசவத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஹேமா திரையில் இருந்தாள். அவள் சொல்வது வந்து சேர்வதற்குள் பாதி வேலையை இசக்கியே முடித்துவிட்டாள். பெண். நயினாரின் அம்மா பேரையே வைத்தார்கள், முப்பிடாதி. எலும்புகளைப் படம் எடுத்தேன். பூமியில் பிறந்த பிள்ளையின் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது. ஓட்டத்தால்தானா, வேறு எதனாலோ, ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எதுவும் நிரூபிக்க முடியாது. குழந்தை பிறந்த பிறகும் எடை வேண்டுமே என்று நயினார் தோட்டத்து மோட்டாரில் ஒரு சுழல் தொட்டில் செய்தான். நடக்க ஆரம்பித்ததும் சிறியதாக ஒரு குட்டிக் கிணறு. நிலையமே வந்து அவளை ஓடவைத்தது.

அவளுக்கு மூன்று வயதானபோது எங்களை எல்லாம் திரும்பி வரச் சொன்னார்கள்.

*

ஓடுதளத்தில் இறங்கியதும் எங்களைக் கொட்டகைக்குள் கொண்டுவந்தார்கள். பூமியின் வாசனை. வெக்கை. நான்கு வருஷத்துக்குப் பிறகு என் தலையே எனக்கு ஒரு மூட்டை மாதிரி கனத்தது. கிணற்றில் தினம் ஓடியவர்கள்தான், ஆனாலும் காதுக்குள்ளே இருக்கும் சமநிலை குழம்பித் தலை சுற்றும். அதனால் வந்தவர்களுக்கெல்லாம் சக்கர நாற்காலி என்பது வழக்கம். என்னை ஒன்றில் வைத்தார்கள். இசக்கியை ஒன்றில், நயினாரை ஒன்றில். மூன்று பேரும் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தோம். வாந்தி எடுக்காமல் இருப்பதே பெரிய காரியமாக இருந்தது.

முப்பிடாதிக்கென்று ஒரு சின்னப் படுக்கை தயாராக இருந்தது. கழுத்துக்குத் தாங்கல், முதுகுக்குத் தாங்கல், எல்லாம் வைத்து. ஹேமா வந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. நேரில் பார்த்ததும் கையைத் தூக்கி ஆட்டினேன். அவள் என்னிடம் வரவில்லை, நேராகக் குழந்தையிடம் போனாள்.

நர்ஸ் ஒருத்தி குழந்தையைத் தூக்கிப் படுக்கையில் வைக்கப் போனாள். முப்பிடாதி உடம்பை முறுக்கிக்கொண்டு நழுவித் தரையில் இறங்கிவிட்டாள். இறங்கியவள் நின்றாள். இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நயினார் என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தான்.

ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. அம்மாவை நோக்கித்தான் வந்தாள். நிலாவில் வைப்பது போலக் காலைத் தூக்கித் துள்ளி வைத்தாள். தரை அவள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. முகம் குப்புற விழுந்தாள். முழங்கால் சிமெண்டில் மோதிய சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது.

ஹேமா ஓடிவந்து குனிந்தாள்.

"தூக்காதீங்க!" என்றாள் இசக்கி. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழப் பார்த்தாள், முடியவில்லை. அவள் கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. "தூக்காதீங்கம்மா. கொஞ்சம் பொறுங்க."

ஹேமாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

முப்பிடாதி தரையில் உட்கார்ந்து முழங்காலைப் பார்த்தாள். தோல் உரிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அழப் போகிறாள் என்று நினைத்தோம். அவள் தரையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, ஆடி அசைந்து தானாகவே எழுந்து நின்றாள்.

"அம்மா!" என்றாள், கண்ணை அகல விரித்துக்கொண்டு. "இங்க விழுகது என்ன வேகமா இருக்கு! இன்னொரு தடவ விழட்டா?"